நிறுவை முடியட்டும்

கார் டெலிபோன் பற்றிய கருத்தரங்குக்குப் போக எங்கள் பத்திரிகையில் யாருக்கும் விருப்பமில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோயில் திருவிழாவுக்கும் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் போக ஆள் இருந்தது. கம்பியில்லாமல் காரிலிருந்து பேசும் டெலிபோனைப் பற்றி நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை.

"நீ கோலசிலாங்கூர்காரன்தானே? அங்கதான் நடக்குதாம். போயிட்டு அப்படியே அம்மாவையும் பாத்துட்டு வந்துரு லா," என்றார் செய்தி ஆசிரியர்.

அழைப்பிதழை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். பேச்சாளர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு பெயரில் நின்றேன். அதற்குப் பிறகு வேறு யாராவது தான் போவதாகச் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அந்தப் பெயருக்கு உரியவர் வானொலித் தொலைபேசிக் கருவிகளை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் விற்பனை அதிகாரி என்று போட்டிருந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் ஆபீஸில் அவர் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர்.

என் அப்பா நுரையீரல் கெட்டுக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு வயது பதினேழு. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் அவரோடு இருந்தேன். அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள்; பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவாள். ஒரு வேலை நாளில் காலை ரவுண்டுக்கு வந்த டாக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டு, வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மலாய்க்கார நர்ஸ் ஒருவர் மேசை டெலிபோனில் தோட்டத்தைக் கூப்பிட்டார். தோட்டத்துக்கென்று இருந்த ஒரே டெலிபோன் ஆபீஸில் கிராணியின் மேசையில் இருந்தது. நர்ஸ் என் அம்மாவின் பெயரை என்னிடம் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னார். ரிசீவரைக் காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்ததால் மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "ஓகே, ஓகே. இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னது அந்தக் குரல்.

அப்பா கண் திறக்கும்போதெல்லாம் "வந்துட்டாளா?" என்றார். நான் வார்டு வாசலைப் பார்த்துவிட்டு, "பஸ்ல வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன். ஆபீஸிலிருந்து அம்மா வெட்டும் மர வரிசைக்கு, அந்த நிரைக்குச் சைக்கிளில் போனால் அதிக நேரம் ஆகாது. கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு பஸ் அடிக்கடி உண்டு. நான் மனதுக்குள் போட்ட கணக்கின்படி அவள் மதியத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். அவள் வந்து சேர்ந்தபோது அப்பாவின் கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள். அவளுடைய விரல்களில் ரப்பர் பால் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

நடந்தது இதுதான். காலையில் செய்தி வாங்கிய கிராணி அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வெட்டு முடிந்து, பால் எடுத்து, எல்லாரும் வாளிகளோடு நிறுவைக் கொட்டகைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அம்மாவின் முறை வந்தது. அவள் பாலை நிறுத்து, எடையை எழுதிக்கொண்ட பிறகுதான் கிராணி தலையை நிமிர்த்தினார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. ஒடனே வரச் சொன்னாங்க."

"எப்பங்க வந்துச்சு?"

"காலையிலதான். நடுவுல போனா வெட்டுன பாலு மரத்துலயே கெட்டுப் போவும். ஒனக்கும் அரைப்பேருதான் விழும். நிறுவை முடியட்டும்னுதான் சொல்லல."

அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. அவள் நன்மைக்காகவே செய்ததுபோல் அதைச் சொன்னார். கொட்டகையில் மேற்பார்வை பார்த்த மண்டோர் முதல் கடைசி ஆள் வரை எல்லார் காதிலும் விழுந்தது. அப்பாவின் உடலை ஏற்றிக்கொண்டு திரும்பிய வேனில் அம்மா இதை எனக்கு ஒருமுறை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிற்பாடு நான் நிருபரானேன். வெறுப்பைப் பத்திரமாக வைத்திருக்கும் முறையை அந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது. யார், எங்கே, எப்போது, என்ன சொல்லில் சொன்னார் என்பதோடு சேர்த்து வைத்தால் அது கெடுவதில்லை. கோபமாக மட்டும் வைத்திருப்பவர்கள் ஒருநாள் ஆறிப்போய்விடுகிறார்கள்.

கருத்தரங்குக்கு முன்பு பிப்ரவரியில் நிருபர்களை ஒரு ஒத்திகைக்கு அழைத்தார்கள். கோலசிலாங்கூரில் கலங்கரை விளக்கம் நிற்கும் மலைமேல் தற்காலிகமாக ஒரு ஆண்டெனா நட்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் தோட்டத்துக்குள் போகும். அதிலிருந்து மலைக்குப் பேசுவார்கள். பட்டிக்காட்டுக்கும் டெலிபோன் எட்டும் என்று காட்டுவதற்காக அந்தப் பழைய கிராணி தேர்ந்தெடுத்த தோட்டம் எங்கள் தோட்டம்தான். இந்தத் தோட்டம் தனக்கு அத்துப்படி என்று மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

காரைப் பால் மரங்களின் நடுவே, நிரைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பின்பெட்டி நிறையக் கருவி. முன்சீட்டுகளுக்கு நடுவே சுருள் கம்பியோடு ஒரு ரிசீவர். அவர் ஏர்கண்டிஷனை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, டையைச் சரிசெய்துகொண்டு பேசினார். மலையிலிருந்து வந்த குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. நிருபர்கள் கைதட்டினார்கள்.

"கருத்தரங்கு அன்னிக்கும் இதே எடம்தான். மே மாசம். மரத்துக்கடியில ஒரு பால்வெட்டுற பொம்பள நின்னு போன்ல பேசுவா. படம் அருமையா வரும்," என்றார்.

ராவாங்கிலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர், அவரும் தமிழர், தயங்கிச் சொன்னார்: "சார், ரோட்டுப் பக்கமா வெச்சுக்கலாமே..."

"ரோட்டுல என்னப்பா இருக்கு? படத்துக்கு மரம் வேணும்."

நான் மேலே பார்த்தேன். தோட்டத்தில் இலை கொட்டும் காலம் அது. ஒரு மரத்திலும் இலை இல்லை. கிளைகளுக்கு நடுவே முழு வானமும் தெரிந்தது. காலடியில் சருகு கணுக்கால் அளவு கிடந்தது. மே மாதத்தில் இதே நிரையில் இலை மூடிக்கொண்டு நண்பகலே மங்கிக் கிடக்கும் என்பதைத் தோட்டத்தில் ஒரு வருஷம் இருந்தவர்களும் அறிவார்கள். நிருபர்களுக்குக் கொடுத்த விளக்கப் புத்தகத்தை நான் வழக்கம்போல் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தேன். மலை, கட்டடம், அடர்ந்த இலைத்தொகுதி ஆகியவை வானொலி அலைகளைத் தடுக்கும் என்று அதில் இருந்தது. அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர் அதைப் படிக்கவில்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் மரங்களை ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்.

"எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டார். பார்வை என் முகத்திலும் ஒருகணம் நின்றது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இல்லை," என்றேன்.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தை நான் என்னிடமே வைத்துக்கொண்டேன். அதைச் செய்யும் முறையை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பெரிய மனிதர்கள் நிறைந்த மண்டபத்தில், கையில் ஊமை டெலிபோனோடு அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

மே மாதக் கருத்தரங்கு மலைமேல் இருந்த ஒரு விருந்தினர் மாளிகை மண்டபத்தில் நடந்தது. குரங்குகள் வாசலிலேயே காத்திருந்து, கோலாலம்பூரிலிருந்து வந்த பேராளர் ஒருவரின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டன. உள்ளே ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர், இன்னும் சில ஆண்டுகளில் டெலிபோன் சட்டைப்பைக்குள் வந்துவிடும் என்றார். பலர் சிரித்தார்கள். நானும் அதைச் செய்தியின் கடைசிப் பத்திக்கு ஒதுக்கினேன். மண்டபத்தின் பின்பக்கம் நாசி பிரியாணி அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்த பட்டணத்து உணவுக்கடை பாய் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, இந்தப் போன்ல ரொட்டி சானாய் ஆர்டர் பண்ணலாமா?"

"பண்ணலாம் பாய். ஆனா மொதல்ல கார் வாங்கணும்."

"காரும் வாங்கி, போனும் வாங்கிட்டா ரொட்டிக்கு டுயிட் எங்கேருந்து வரும்?"

மதியத்துக்குச் சற்று முன்பு முன்னாள் கிராணி மேடை ஏறினார். சாம்பல் நிறக் கோட்டு. ஆங்கிலம் நன்றாகத் தேறியிருந்தது. தான் ஒரு தோட்டத்துப் பிள்ளை என்றார். ஒரு டெலிபோனை நம்பி ஒரு தோட்டமே வாழ்ந்த காலத்தில் அந்த டெலிபோன் தன் மேசையில்தான் இருந்தது என்றார். அடுத்து அவர் சொன்னதை நான் சுருக்கெழுத்தில் அப்படியே எடுத்தேன்: "நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, போன் வந்த மறுநிமிடம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிரைகளுக்குள் போவேன். ஒரு செய்தியைக்கூட நான் தாமதிக்க விட்டதில்லை."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். நான் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, கூர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

பிறகு செயல்விளக்கம். மேசைமேல் ஒரு டெலிபோன். அதிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி. குறித்த நேரத்தில் அது அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அவரே காருக்கு எண் சுழற்றினார். ஒலிபெருக்கியில் எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிவதுபோல் ஓசை வந்தது. நடுவில் இளம் பொறியாளரின் குரல் "சார்... எலை..." என்று ஆரம்பித்து அறுந்தது. மறுபடி சுழற்றினார். மறுபடி பொரிந்தது. பின்வரிசையில் யாரோ, புறா அனுப்பலாமே என்றார். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. அவருடைய காதுகள் சிவந்ததை நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். குறிப்பேட்டை மூடக்கூடப் போனேன்.

அப்போது டெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். பொறியாளரின் குரல் மண்டபம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"சார், மரத்துக்கடியில ஒண்ணுமே கெடைக்கல. வெட்டவெளி தேடி காரை நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டாந்துட்டேன். இங்க கிளியரா இருக்கு. வெட்டுக்காரங்க எல்லாம் பால் கொண்டாந்திருக்காங்க. பெரியம்மா ஒருத்தங்க பேசறேங்கறாங்க."

"குடு, குடு," என்றார். முகம் மலர்ந்தது. சபையைப் பார்த்து ஆங்கிலத்தில், "ஒரு தோட்டத் தொழிலாளி பேசப்போகிறார்" என்றார். பிறகு தமிழில், குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "அம்மா, வணக்கம்மா! யாரு பேசறேன் தெரியுதா? பழைய கிராணி பேசறேன்!" என்றார்.

மறுமுனையில் வாளிகள் இடிபடும் சத்தம் வந்தது.

"தெரியுதுங்க," என்றாள் என் அம்மா.

அவள் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பகலில் அந்த நேரத்தில் அவள் இருக்கும் இடம் அந்தக் கொட்டகைதான் என்பது தெரியும். கார் அங்கே போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சொல்லுங்கம்மா, எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. எதுனாலும் சொல்லுங்க."

"சொல்றேனுங்க. இங்க நிறுவை இன்னும் முடியல. முடியட்டும். முடிஞ்சதும் சொல்றேன். நீங்க வெச்சுறாதீங்க."

தலைவராக உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஆவலோடு கேட்டார்: "அம்மையார் என்ன சொல்கிறார்?"

"இப்போது... பால் நிறுக்கிறார்களாம். முடிந்ததும் பேசுகிறாராம். நாம் வேண்டுமானால் அடுத்த நிகழ்ச்சிக்கு..."

"இல்லையில்லை, காத்திருப்போம்! இதைக் கேட்கத்தானே வந்தோம்," என்றார் தலைவர்.

காத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் நிறுவைக் கொட்டகை வந்து மண்டபத்தை நிறைத்தது. தகரத்தில் வாளி இடிப்பது, பால் ஊற்றும் சத்தம், மண்டோர் எடையைச் சொல்வது, "தள்ளி நில்லு லா, சட்டையில ஊத்திக்கப் போற" என்று ஒரு பெண் யாரையோ அதட்டுவது. அம்மாவுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பியர் கண்களை மூடிக்கொண்டு கேட்டு, ஒலியின் துல்லியத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் புகழ்ந்தார். சிலர் மறுபடியும் கைதட்டினார்கள். மேடையில் நின்றவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்க வேண்டியிருந்தது. ரிசீவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கழுத்திலிருந்து வியர்வை இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நான் குறிப்பேட்டைத் திறந்து, அவர் நின்ற விதத்தை எழுதிக்கொண்டேன்.

மண்டோர் என் அம்மாவின் பெயரைச் சொல்வது கேட்டது. எடையைச் சொல்வது கேட்டது. பிறகு அவள் குரல்.

"கிராணியய்யா, இருக்கீங்களா?"

"இ... இருக்கேம்மா."

"நிறுவை முடிஞ்சிருச்சுங்க. இப்பச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து என்னா சொன்னாங்க?"

அண்டாவில் கரண்டி போட்டுக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே எங்கள் சிலரைத் தவிர வேறு யாரும் இல்லை. முன்னாள் கிராணி ரிசீவரை டெலிபோன்மேல் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல்.

"லைன் கட்டாகிவிட்டது," என்றார் ஆங்கிலத்தில்.

"கடைசியாக என்ன சொன்னார்?"

"எல்லாருடைய நலத்தையும் விசாரித்தார்."

நான் கையை உயர்த்தினேன். தலைவர் தலையசைத்ததும் எழுந்து என் பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். "மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம். அந்த அம்மையார் கேட்டது: 'எடை போட்டு முடிந்துவிட்டது, இப்போது சொல்லுங்கள், மருத்துவமனையிலிருந்து என்ன சொன்னார்கள்?'"

"எந்த மருத்துவமனை?" என்றார் தலைவர், குழம்பிப்போய்.

"அது பேச்சாளருக்குத் தெரியும். எந்தச் செய்தியையும் தாமதிக்க விட்டதில்லை என்று சற்று முன்புதான் சொன்னார்."

அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அடையாளம் தெரிந்தது. அம்மாவின் மூக்கும் தாடையும் எனக்கு. யாரோ சாப்பாட்டை அறிவித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அவர் சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் தோட்டத்து வீட்டு வரிசைக்கு, லயத்துக்குப் போனேன். அம்மா வாசலில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயும் அங்கதான் இருந்தியாமே? எம் மவன் பத்திரிகையில இருக்கான்னேன், அந்த இன்ஜினியரு தம்பி பெறகு சொன்னாரு."

"இருந்தேன். அவன் பேசறான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கு எலை கொட்டுனப்ப வந்தான்ல, கார்லயே ஒக்காந்திருந்தான். அப்பவே பாத்தேன். எறங்கினா கேக்கலாம்னு பாத்தேன், எறங்கல." மீனைத் திருப்பிப் போட்டாள். "அந்தத் தம்பி நல்ல புள்ள. கையில பாலு இருக்கு பெரியம்மா, தொடச்சிட்டுப் போனைப் பிடிங்கன்னாரு."

"தொடச்சியா?"

"தொடைக்கல."

கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "நான் கேட்டதும் என்னா பண்ணான்?"

"வெச்சிட்டான்."

"ம்," என்றாள். "அன்னிக்காச்சும் நிறுவைக்கு அப்புறம் சொன்னான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை பொறியாளரைத் தேடிப் பிடித்தேன். ரிசீவரில் காய்ந்த பாலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இணைப்பு தானாக அறவில்லை, மண்டப முனையில்தான் வைத்துவிட்டார்கள் என்று உறுதிப்படுத்தினார். என் செய்தி மூன்று பத்தி நீளம். முதல் பத்தியில் கருத்தரங்கு. இரண்டாவதில் செய்தியைத் தாமதிக்காத கிராணியின் பேச்சு, மேற்கோள் குறிக்குள். மூன்றாவதில் என் அம்மாவின் கேள்வி, அதற்கு அவர் தந்த மொழிபெயர்ப்பு, பிறகு ஒரு வாக்கியம்: "இணைப்பு தானாகத் துண்டிக்கப்படவில்லை எனக் காரில் இருந்த பொறியாளர் தெரிவித்தார்." ஒரு அடைமொழிகூடப் போடவில்லை. பெயர், பதவி, தோட்டம் எல்லாம் சரியாக இருந்தன. சட்டைப்பை டெலிபோனுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

பத்திரிகை வெளியான நாளில் தோட்டத்து முடிவெட்டும் கடையிலும், சுங்கை பஞ்சாங் வரை இருந்த சாப்பாட்டுக் கடைகளிலும் அதைச் சத்தமாகப் படித்ததாகக் கேள்விப்பட்டேன். அப்பா இறந்த அன்று கொட்டகையில் வரிசையில் நின்றிருந்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். மற்றதை அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் பத்திரிகை ஆபீஸ் டெலிபோன் அடித்தது. எடுத்த பிழைதிருத்துநர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒனக்குத்தான். அந்தக் கார் டெலிபோன்காரரு. பேசியே ஆகணுமாம். குரலே சரியில்ல. ஏதோ விளக்கம் சொல்லணுங்கறாரு."

நான் அடுத்த நாள் நான்காம் பக்கத்துக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவசரமான பக்கம் ஒன்றுமில்லை. கோயில் குடமுழுக்குச் செய்திகள்.

"இருக்கச் சொல்லுங்க," என்றேன். "பக்கம் முடியட்டும்."

அவர் ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்தார். சிறிது நேரம் அதற்குள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்று சின்னதாக ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. நான் தலைப்பை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். எழுத்தளவைச் சரிபார்த்தேன். படத்துக்கு விளக்கம் எழுதினேன். பிறகு எழுந்து, அந்த மேசையைக் கடந்து, கீழே தேத்தண்ணி குடிக்கப் போனேன்.